சைலன்சர் புகையும் மூன்று போரும்

எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்தில் ‘போர்’ என்ற சொல்லுக்கு மூன்று வேலை. அறுவடை முடிந்ததும் களத்து ஓரம் எழும்பி நிற்பது வைக்கோல் போர். ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் வயலுக்கும் வீட்டுக்கும் இறைப்பது போர்த் தண்ணீர். மூன்றாவது, எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர். லேத் பட்டறைக்காரர்கள் அதையும் போர் என்பார்கள். தேய்ந்துவிட்டால் ‘ரீபோர்’ அடிப்பார்கள். வலங்கைமான் ரோட்டில் நான் வண்டி விடும் மெக்கானிக் அண்ணன் ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நம்ம ஊருல கார் பொகையுதுன்னா இந்த மூணு போருல ஒண்ணுதான் தம்பி காரணம். ஆனா எல்லாரும் மூணாவது மேலயே பழியப் போடுறாங்க.”

அண்ணன் வேடிக்கைக்குச் சொன்னாலும் விஷயம் உண்மை. உடம்புக்கு எது வந்தாலும் ‘சூடு’ என்று சொல்லிவிடுவதுபோல, சைலன்சரில் புகை கண்டால் ‘ரிங் போச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இறுக அடைக்கும் வளையம். அதை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டும். பிஸ்டனைக் கழற்றி, பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, கேஸ்கெட் செட் வாங்கி, எல்லாவற்றையும் பூட்டி முடிக்க நாள் கணக்காகும். ஒரு காருக்கு வரக்கூடிய செலவுகளில் இதைவிடப் பெரியவை அதிகமில்லை. அப்படியென்றால் அது கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு.

புகையைப் பார்த்தவுடன் எல்லாரும் கேட்பது ‘என்ன கலர்?’ கேட்க வேண்டியதுதான். உள்ளே எது எரிகிறது, எது எரியாமல் வருகிறது என்பதை நிறம் சொல்லிவிடும். கெட்டுப்போன பாகம் எது என்று தெரிய வேண்டுமானால் புகை வரும் நேரத்தைப் பார்க்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடேறிய பிறகா, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா, காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும்போதா, ரயில்வே கேட்டில் நின்று கிளம்பும்போதா? இதையெல்லாம் கேட்காமல் பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்கிடம் நான் இப்போது வண்டியைக் கொடுப்பதில்லை.

மார்கழிப் புகை

நல்ல எஞ்சினின் புகை கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோலும் டீசலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மிஞ்சும். உள்ளே இழுத்த காற்றிலிருந்த நைட்ரஜன் பெரும்பாலும் வந்தபடியே வெளியே போகும். மூன்றுக்கும் நிறமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சூடான சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடுவதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

மார்கழியில் படும். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை போய்க்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் பின்னால் மெலிசாக வெள்ளை ஆவி எழும், சைலன்சர் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் திட்டலாம், மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடிச் சைலன்சர் சூடேறியதும் நின்றுவிடும். நுனியிலிருந்து சில அடி தூரத்திலேயே காற்றில் கரைந்தும் போய்விடும். அதே வெள்ளை சித்திரை மத்தியானத்திலும் வந்தால், எஞ்சின் சூடேறி அரைமணி ஆன பிறகும் கரையாமல் தெருவில் மிதந்தால், அது வேறு கதை.

சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் துணியைச் சைலன்சருக்கு ஒரு சாண் பின்னால் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். குழாயைத் தொட்டுவிடாதீர்கள், கை பொரிந்துவிடும். தண்ணீராக இருந்தால் துணி ஈரமாகும், காய்ந்ததும் தடமிருக்காது. ஆயில் என்றால் பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி விளிம்பு தெரியும் கறை. டீசல் கரி என்றால் உலர்ந்த கறுப்புப் பொடி. காசில்லாத சோதனை, ஆனால் பாதி வழக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

போர்த் தண்ணீர் போடும் வெள்ளைப் புகை

எஞ்சின் பிளாக்கையும் அதன் மேல் உட்காரும் ஹெட்டையும் பிரித்து வைப்பது ஒரு தகடு, ஹெட் கேஸ்கெட். சிலிண்டரில் வெடிக்கும் வாயு, எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர், ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது அதுதான். அது எங்காவது விட்டுக்கொடுத்தால் கூலன்ட் எனும் அந்தக் குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகி வெளியேறும். அடர்ந்த வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாசனை. அந்த இனிப்பு எத்திலீன் கிளைக்காலுடையது. விஷம் என்பதால் ருசி பார்த்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம், நாய் நக்கும் இடத்தில் ஊற்றவும் வேண்டாம்.

கேஸ்கெட் தானாகப் போவது குறைவு. எஞ்சின் கொதித்ததால் போவதுதான் அதிகம். கொதிக்க வைப்பதில் எங்கள் ஊர்த் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. ரேடியேட்டரில் கொஞ்சம் குறைந்தால் டீக்கடை ஓரமிருக்கும் அடிபம்பில் ஒரு பாட்டில் பிடித்து ஊற்றிவிட்டுக் கிளம்புகிறோம். காவிரிக் கரையோரக் கிராமங்களிலாவது தண்ணீர் ஓரளவு நன்றாக இருக்கும். கிழக்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகப் போக நிலத்தடி நீரில் கடல் ஏறியிருக்கிறது. வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளிலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. பொருக்கு படிந்த உலோகத்திலிருந்து சூடு தண்ணீருக்கு இறங்காது. உப்பு அலுமினியத்தை அரிக்கும். கூலன்டில் கலந்திருக்கும் துரு தடுப்பு மருந்து, பாட்டில் பாட்டிலாகச் சேர்த்த போர்த் தண்ணீரில் நீர்த்து ஒன்றுமில்லாமல் போகும். ஒருநாள் தஞ்சாவூர் போகும் வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். கேஸ்கெட் பிடி விடும்.

அவசரத்துக்கு என்ன ஊற்றுவது? பேட்டரிக்கு ஊற்ற விற்கும் பேட்டரி வாட்டர் உப்பு நீக்கியது. எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். டிக்கியில் ஒரு கேன் கிடந்தால் அடிபம்பைத் தேட வேண்டியதில்லை.

கேஸ்கெட் போயிருக்கிறதா என்பதைக் காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லியும் வருஷத்துக்கு ஒருவர் வெந்துகொள்கிறார். மூடியைத் திறந்து உள்ளே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்து ஓடவிட்டால் தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்), எஞ்சின் சூடேறும் முன்பே கல்லாக இறுகினால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கும். அது உள்ளே வியர்த்த ஈரம். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க அதுமட்டும் போதாது. உறுதி செய்ய பட்டறைகளில் ஒரு நீலத் திரவம் வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது அது மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெட்டைக் கழற்றியாயிற்று என்றால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டுவது வீண். ஹெட் வளைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று அளந்து, தேவைப்பட்டால் ஃபேஸிங் அடித்து, அதாவது முகத்தை மட்டமாகச் சீவித்தான் பூட்ட வேண்டும். கொதித்ததற்கான மூலக் காரணத்தையும் சரிசெய்ய வேண்டும். இந்த இடத்தில் எங்கள் ஊர் மெக்கானிக்குகள் சிலரோடு எனக்குச் சண்டை உண்டு. “நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். 80 முதல் 90 டிகிரி வாக்கில் திறக்கும் அந்தச் சின்ன வால்வு, எஞ்சின் சீக்கிரம் சூடேறவும் பிறகு அதே சூட்டில் நிற்கவும் இருக்கிறது. அது இல்லாத எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் வண்டியின் கணினி இன்னும் குளிர் விடவில்லை என்று நினைத்து எரிபொருளைக் கூட்டும். ஆயிலில் ஈரம் தங்கும், கரி படியும், ரிங் அதில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் புகைக்குப் பார்த்த வைத்தியம் கறுப்பும் நீலமுமாகத் திரும்பி வரும்.

டீசல் வண்டியில் இன்னொரு வெள்ளை உண்டு. வாசனை இனிக்காது, பச்சை டீசல் நெடி அடிக்கும், கண் எரியும். எரியாத டீசல் ஆவியாக வருகிறது. காலையில் மட்டும் வந்து, மிஸ்ஸிங் அடித்து, சூடேறியதும் போய்விட்டால் குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை முதலில் பாருங்கள். நான்கில் ஒன்று செத்திருந்தாலும் அந்த ஒரு சிலிண்டர் காலையில் இழுக்காது. நாள் முழுக்க வந்தால் டீசலைத் தெளிக்கும் நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) என்று போக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவது இதன் தம்பி. டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் வெள்ளை ஆவியும் குலுக்கலும் வரும். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும், அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பிரிவது வேறு மாதிரி. தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் இறங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான்.

வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் ஒரே ஒரு விதி: திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடோடும் வண்டி ஓடுவதுண்டு. சில மாதம் கழித்து நீலப் புகையோடு வந்து நிற்கும். அதற்குள் வெள்ளம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வைக்கோல் போர்

கறுப்புப் புகையின் கணக்கு எளிது. எரிபொருள் கூடியிருக்கிறது அல்லது காற்று குறைந்திருக்கிறது. டெல்டாவில் நான் இரண்டாவதையே முதலில் சந்தேகிப்பேன்.

என்னிடம் இருப்பது கணினி இல்லாத பழைய பம்ப் வைத்த டீசல் கார். சம்பா அறுவடை முடிந்த ஒரு மாசி மாதத்தில் அது திடீரென்று கரி கக்க ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் இழுவையே இல்லை. பாலம் ஏறும்போது பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே என்னை ஓரங்கட்டினார். முதலில் காட்டிய பட்டறையில் ஐந்து நிமிடம் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு, “நாலு நாசிலும் போச்சு சார், எப்படியும் இறக்கித்தான் ஆவணும், ரிங்கையும் சேத்துப் போட்டுடலாம், 60,000 வரும்” என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வலங்கைமான் ரோட்டுக்கு வந்தேன்.

அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லை. “வண்டிய எங்க தம்பி நிறுத்துற?”

“களத்துலதாண்ணே. வைக்கப் போரு ஓரமா, நெழலு இருக்கேன்னு.”

அவர் சிரித்துக்கொண்டே ஏர் ஃபில்டர் டப்பாவின் நான்கு கிளிப்பையும் தட்டினார். மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை. ஃபில்டரின் மடிப்புகளுக்கு மேல், வட்டமாக, அழகாக, ஒரு எலிக்கூடு. வைக்கோல், சணல் சாக்கின் நார், என் மனைவியின் பழைய சேலையிலிருந்து கிழிந்த பச்சைத் துண்டு, மெத்தைக்குப் பதில் நெல் பதர். ஃபில்டரின் பாதி பரப்பு அடைத்திருந்தது, ஒரு மூலையில் பேப்பரைக் கடித்து ஓட்டையும் போட்டிருந்தது. அறுவடையானதும் வயலில் இரையும் மறைப்பும் போய்விட, எலிகள் மேட்டுக்கு ஏறுகின்றன. பானெட்டுக்குள் சூடு, இருட்டு, பாதுகாப்பு. வேறென்ன வேண்டும்?

புது ஃபில்டர் போட்டதும் கறுப்பு போய்விட்டது. அண்ணன் வாங்கியது ஃபில்டர் காசும் டீயும்.

எலி வராத வண்டிக்கும் அறுவடைக் காலம் சோதனைதான். ரோட்டில் பாதியை மறித்து நெல் காய்கிறது, கொள்முதல் நிலையத்து வாசலில் நாளெல்லாம் தூற்றுகிறார்கள், கதிரறுக்கும் இயந்திரம் கிளப்பும் தூசி மேகமாக நிற்கிறது. கம்பெனிக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை நம்பாமல் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது. கம்ப்ரஸர் காற்றை வேகமாகப் பிடித்து அடிப்பது வேண்டாம். பேப்பர் மயிரிழை கிழிந்தாலும் அந்த வழியாகத் தூசி உள்ளே போகும். நெல் உமியில் சிலிக்கா அதிகம், வயல் புழுதியிலும் அதுதான். சிலிண்டர் சுவரில் ரிங் தேய்ந்து தேய்ந்து ஏறி இறங்கும் இடத்தில் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வேலை செய்யும். வைக்கோல் போர் சிலிண்டர் போரைத் தின்னும் வழி இது.

கணினி வைத்த டீசல் கார்களில் ஃபில்டர் அடைத்தால் கறுப்புப் புகை அவ்வளவாகத் தெரியாது. உள்ளே வரும் காற்றை அளந்து, குறைந்தால் டீசலையும் குறைத்துவிடும். இழுவை போய்விடும், புகை இருக்காது. அந்த வண்டிகளில் கறுப்பு வந்தால், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள். அடிப்பக்கம் ஒரு விரலளவு கிழிந்திருக்கும். அளந்த காற்று எஞ்சினுக்குப் போகாமல் வழியிலேயே ஒழுகும். மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் கேட்கும், கிழிசலைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கும். ஹோஸ் விலையில் முடிய வேண்டிய இந்தக் கோளாறுக்கு டர்போவையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அடுத்து ஈஜிஆர் வால்வு. எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் அந்த வால்வு கரியேறித் திறந்தபடியே நின்றுவிட்டால் நல்ல காற்றுக்கு இடமிருக்காது. நாசில் இதற்கெல்லாம் பிறகுதான்.

பெட்ரோல் காரில் கறுப்பு வந்தால் ஸ்கேனர் போடுங்கள். ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர், எரிபொருள் அழுத்தம் என்று எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைக் காட்டும்.

மூன்றாவது போர்

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அதில் சந்தேகமில்லை. ஆயில் எந்த வழியாக நுழைந்தது என்பதுதான் கேள்வி, இங்கேதான் ‘எப்போது’ என்று கேட்பதற்கு முழு மதிப்பு.

ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை விட்டுவிட்டு அப்புறம் சுத்தமாகிவிட்டால், அது வால்வு சீல். வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் சின்ன ரப்பர் சூட்டில் கெட்டித்துப்போய், மேலிருந்து ஆயில் இரவெல்லாம் சொட்டியிருக்கும். பெட்ரோல் வண்டியில் இதற்கு இன்னொரு சோதனை: இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்ததும் அழுத்தினால் பின்னால் நீல மேகம் எழும். மலைப் பக்கத்துக்காரர்களுக்குச் சுலபம். எங்கள் ஊர் தாம்பாளம் மாதிரி, இறக்கத்துக்கு எங்கே போவது? ரயில்வே மேம்பாலம்தான். இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கி, முடியும் இடத்தில் மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். பின்னால் ஆளில்லாத நேரமாக. வால்வு சீல் மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. பல எஞ்சின்களில் ஹெட்டைக்கூடக் கழற்றாமல் மாற்றலாம். ‘ரிங் போச்சு’ என்ற தீர்ப்போடு இறக்கப்பட்ட எஞ்சின்களில் எத்தனை இந்த ரப்பர் வளையத்துக்காக இறங்கினவோ.

நிஜமாகவே ரிங்கும் போரும் தேய்ந்திருந்தால் புகை நேரம் பார்க்காது. சூடேறினாலும் வரும், மிதிக்க மிதிக்கக் கூடும், ஆயில் குறைந்துகொண்டே போகும். சிலிண்டரின் அழுத்தம் ரிங்கைத் தாண்டி ஆயில் சட்டிக்குள் இறங்கும். பட்டறையில் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பார்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்து அந்த வாயிலேயே வைத்தால், கொதிக்கும் பானையின் மூடிபோலக் குதிக்கும். ரயில் எஞ்சின் மாதிரி ‘புஸ் புஸ்’ என்று காற்று வரும். இதிலும் அவசரப்படக் கூடாது. ஆயில் சட்டியின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயோ அதன் வால்வோ அடைத்திருந்தாலும் இதே நாடகம் நடக்கும். அதைச் சுத்தம் செய்ய அரைமணி போதும். பிறகு கம்ப்ரஷன் கேஜ். பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாகக் காட்டினால், ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் கசிவு ரிங் வழியாக, ஏறவில்லை என்றால் வால்வு வழியாக. இந்த இரண்டு எண்களையும் பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அளக்கவே இல்லை.

ஆயிலை அதிகமாக ஊற்றியிருப்பதும் ஒரு காரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் வடியுங்கள். டிராக்டருக்கு வாங்கிய ஆயிலில் மிச்சமிருப்பதைக் காருக்கு ஊற்றும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய.

டர்போ தனி. சின்ன கார்களின் டர்போத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது ஆயில் படலம். பைபாஸில் விரட்டி வந்து வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பினால், அந்தச் சூட்டில் ஆயில் கருகும், சீல் போகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சீல் முழுதாகப் போன டீசல் எஞ்சினில் அபூர்வமாக, ஆனால் பயங்கரமாக ஒன்று நடக்கும்: எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டு தானாக வேகமெடுக்கும். ஊரே மறைகிற மாதிரி புகை. சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலைத்தான். மேனுவல் வண்டியென்றால் பிரேக்கை முழுக்க அழுத்தி, ஐந்தாவது கியர் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை மூச்சடைக்க வைக்கலாம். முடியாவிட்டால் இறங்கித் தூரப் போங்கள். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு உபயோகம் உண்டு. “காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் முதல் ஸ்டார்ட் புகையை உங்களுக்குக் காட்ட அவர்களுக்கு விருப்பமில்லை. கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையைச் சில வாரம் அமுக்கி வைப்பதும் சந்தையில் நடப்பதுதான்.

சான்றிதழை நம்பி ஏமாற வேண்டாம். பொல்யூஷன் சர்டிபிகேட் 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி கொடுக்கப்படுவது. டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். ஹார்ட்ரிட்ஜ் என்ற அலகில் பழைய வண்டிகளுக்கு 65, பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசுத் தரநிலை) வண்டிகளுக்கு 50 என்பது அதன் உச்ச அளவு. பெட்ரோல் வண்டியில் அளப்பது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும். வால்வு சீல் போன பெட்ரோல் கார் சூடான எஞ்சினோடு போய் அதில் சுலபமாகத் தேறிவிடலாம். காலையில் போட்ட நீலக் கொத்து அங்கே வராது. சர்டிபிகேட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும் என்பதால் எடுத்து வையுங்கள், எஞ்சினுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்ற அத்தாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 வந்த பிறகு டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது, புது டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், டிபிஎஃப், வந்துவிட்டது. இவை கரிப் புகை விடுவதே இல்லை. சேர்ந்த கரியை 600 டிகிரி வாக்கில் சூடேற்றித் தானே எரித்துக்கொள்கின்றன. அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் ஓரளவு வேகத்தில் விடாமல் ஓட வேண்டும். மன்னார்குடிக்குள்ளேயே மார்க்கெட், பள்ளிக்கூடம், பெரிய கோயில் என்று சுற்றும் வண்டிக்கு அந்த வாய்ப்பே வராது, டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருநாள் தஞ்சாவூர் வரை ஒரே மூச்சில் போய்வருவது அதற்கு வைத்தியம். திரும்பி வந்ததும் வைக்கோல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள்.

வைக்கோல் என்றதும் நினைவு வருகிறது. பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறுச் செடிகளை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகளே மிதித்து உதிர்க்கட்டும் என்று. அதன் மேல் ஓட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் கீழிருந்து வெளுத்த புகையும் சருகு கருகும் வாசனையும் வந்தால் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். சக்கரத் தண்டில் சுற்றிக்கொண்ட கொடி சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கப் போகிறது. நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, குச்சியால் இழுத்துப் போடுங்கள்.

என் வண்டி இப்போதும் புகைகிறது. கறுப்பு போய், தினமும் காலையில் ஒரு வாய் நீலம். எழுதி வைத்துப் பார்த்ததில் 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆயில் குடிக்கிறது. அரை லிட்டர் வரை சகஜம் என்று சில கம்பெனிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். “சீல் மாத்திடவா தம்பி?” என்றார் அண்ணன். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சமமாக இருக்கிறது, பேக் கம்ப்ரஷன் இல்லை. குறுவை நெல் காசு வரட்டும் என்று சொல்லிவிட்டு, டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் கேனையும் பேட்டரி வாட்டரையும் போட்டு வைத்திருக்கிறேன். நிறுத்துகிற இடத்தை மட்டும் மாற்றிவிட்டேன். களத்தின் அந்தக் கோடி, புளியமரத்தடி. வைக்கோல் போருக்கும் வண்டிக்கும் நடுவில் இப்போது முப்பது அடி.